5,000 மீட்டர் உயரத்தில் அன்லிமிடெட் மீல்ஸ்!

ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் 1,200 ரூபாய்.

வெறும் வெந்நீர்தான் சார். டீத்தூள் இல்லை, சுக்கு இல்லை, எலுமிச்சம்பழத் துண்டுகூட மிதக்கவில்லை. நேபாள ரூபாய் என்பதால் உடனே மயக்கம் போட வேண்டாம். 1993-லிருந்து நம்முடைய ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய ஒன்று அறுபது என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் நம் பணத்தில் 750. இப்போது போட்டுக்கொள்ளலாம்.

இடம், கோரக் ஷெப். எவரெஸ்ட் அடிவார முகாமைப் பார்க்க நடந்து போகிறவர்கள் கடைசியாகத் தலை சாய்க்கிற இடம். உயரம் 5,164 மீட்டர். ஊர் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். மணல் மூடிய பழைய ஏரிப் படுகையின் ஓரத்தில் சில லாட்ஜ்கள், சுற்றிலும் கல், அதற்கு மேலே பனி. மெரினாவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால், நிமிர்ந்து ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த ஷூ. அந்த நிலைமையில் ஒரு மனுஷன் கையில் மெனு கார்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?

எங்களோடு வந்த ஆடிட்டருக்கு அதுதான் ஆயிற்று. "வெந்நீருக்கா! வெந்நீருக்கா!" என்று இரண்டு தடவைதான் சொன்னார். மூன்றாவதற்குக் காற்று இல்லை.

2024 நவம்பரில் நாலு பேராகப் போனோம். பெயர் போட்டால் ஆபீஸில் லீவுக் கணக்கைத் தோண்டுவார்கள். அதனால் ஆடிட்டர், சேல்ஸ், பேங்க் என்றே வைத்துக்கொள்ளலாம். நாலாவது நான். ராஷ்ட்ரபாஷா பரீட்சை வரை இந்தி படித்தவன் என்பதால் மொழிபெயர்ப்பு இலாகா எனக்கு. அந்த மலையில் இந்தி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் உறவுமுறைகளை நேபாளியில் சொன்னால் ஒரு கரண்டி சோறு கூட விழும். அக்காவுக்கு 'தீதி'. தம்பிக்கு 'பாய்'. அண்ணனுக்கு 'தாய்'! எங்கள் மூட்டையைச் சுமந்து வந்த முரட்டு மீசைக்காரரை 'தாய்... தாய்...' என்றுதான் கூப்பிட்டோம். அவரும் பாசமாகத் திரும்பிப் பார்ப்பார். பேங்க் முதல் நாள் சிரித்தான். நாலாவது நாள் ஒரு பனிச்சரிவில் அவர் கை கொடுத்துத் தூக்கி விட்டபோது, "தாயே!" என்று நிஜமாகவே கும்பிட்டான்.

லுக்லா விமான நிலையத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ரன்வே நீளம் 527 மீட்டர்தான். அதுவும் சமதளம் இல்லை, மேடு. முடிகிற இடத்தில் மலை. எட்மண்ட் ஹிலாரி முன்நின்று 1964-ல் அமைத்தது. இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம், கை நடுக்கம் நின்ற பிறகு. இந்தக் கதைக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: லுக்லாவுக்கு மேலே மோட்டார் வண்டி கிடையாது. மனுஷன் முதுகு, கோவேறு கழுதை, யாக், காசு இருந்தால் ஹெலிகாப்டர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் வைத்துக்கொள்ளவில்லை.

ஆல்ப்ஸ் மலையில் மலையேறுவோர் சங்கங்கள் குடில் கட்டி நடத்துகின்றன. நேபாளத்தில் வீடுதான் வளர்ந்து லாட்ஜ் ஆயிற்று. அந்தக் காலத்தில் பாதையோரம் 'பட்டி' என்று ஒரு ஏற்பாடு. நம் ஊர்ப் பட்டி மாட்டுக்கு. அவர்கள் பட்டி மனுஷனுக்கு. அடுப்பு, அண்டா, ஒரு அம்மா. சோறு சாப்பிட்டால் ராத்திரி தரையில் முடங்கிக்கொள்ளலாம், அதற்குக் காசு கிடையாது. பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், பலகைத் தடுப்பு வந்தது, கட்டில் வந்தது, பீட்சா வந்தது. ஆனால் கணக்கு மட்டும் பழைய பட்டிக் கணக்கு: லாபம் சோற்றில், படுக்கை சும்மா பேருக்கு.

நாங்கள் தங்கிய இடங்களில் ரூம் வாடகை 500-லிருந்து 1,000 வரை. நம் பணத்தில் 300 சொச்சத்திலிருந்து 625. இரண்டு கட்டில், இரண்டு கனமான ரஜாய், ஒரு ஜன்னல், ஜன்னல் வழியே ஆறாயிரம் மீட்டர் சிகரம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இந்த வாடகைக்கு ஜன்னல் கிடைத்தால் பெரிய விஷயம். வழியே பக்கத்து மேன்ஷன் ஜட்டிதான் தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் அங்கேயே சாப்பிட வேண்டும். வெளியே சாப்பிட்டால் ரூம் வாடகை பல மடங்கு. டைனிங் ஹாலில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். டிங்போச்சேயில் ஆடிட்டர் இதைப் படிக்காமல், "படுக்கறது இங்கே, சாப்பிடறது எதிர்த்தாப்பல. காஸ்ட் கட்டிங்!" என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "அங்கேயும் அதே மெனு, அதே விலைய்யா. அச்சடிச்ச மாதிரி!"

அச்சடித்ததுதான். அந்தந்த ஊர் லாட்ஜ்காரர்கள் கூடிப் பேசி விலைப்பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஊருக்குள் பேரம் பேசிப் பிரயோஜனம் இல்லை. பேரம் பேசினால் தீதி கோபித்துக்கொள்வதுகூட இல்லை. சிரித்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுகிறார். கோபித்துக்கொண்டிருந்தால் ஆடிட்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சர்வீஸ் எப்படி? ரூம் பாய், காலிங் பெல் எல்லாம் கனவில். அறைச்சுவர் பிளைவுட். பக்கத்து அறை ஜெர்மன்காரர் இருமினால் எங்கள் கட்டில் ஆடியது. அவர் மனைவி ராத்திரி பத்து மணிக்கு அவரிடம் ஏதோ கோபமாகச் சொன்னது முழுக்கக் கேட்டது. எங்களுக்கு ஜெர்மன் தெரியாததால் குடும்ப மானம் தப்பியது. அறையில் ஹீட்டர் கிடையாது. தலைமாட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் காலையில் கட்டை. டாய்லெட்டில் ஒரு நீல டிரம், ஒரு மக். மேலே கண்ணாடி மாதிரி ஐஸ். மக்கால் ஒரு தட்டுத் தட்டி உடைத்து மொள்ள வேண்டும். இந்த ஒரு துறையில் மட்டும் நாம் வெள்ளைக்காரனை விட சீனியர். மக்கைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற ஒரு கனடாக்காரருக்கு சேல்ஸ் டெமோ கொடுக்கிற அளவுக்குப் போனான். நான்தான் தடுத்தேன்.

மொத்த லாட்ஜுக்கும் கதகதப்பான இடம் டைனிங் ஹால் ஒன்றுதான். நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு புகைக்குழாய். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் பற்ற வைப்பார்கள். எரிபொருள்? வரட்டி! யாக் சாணத்தைச் சுவரில் தட்டிக் காயவைத்த, சாட்சாத் நம் பாட்டி காலத்து வரட்டி. தீதி அடுப்புக் கதவைத் திறந்து வரட்டி போடும்போது பத்து நாட்டுக்காரர்கள் அவர் கையையே பார்க்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பாயச வாளியைப் பார்க்கிற மாதிரி. இன்னொன்று போடுவாரா, மாட்டாரா? எட்டு மணிக்கு அடுப்பு அணைந்தால் சர்வதேசமும் எழுந்து படுக்கப் போகிறது.

ஆர்டர் கொடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சமையலறையில் அடுப்பு இரண்டு மூன்றுதான். பக்கத்து டேபிளில் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு ஐட்டம் சொன்னார்கள். பாஸ்தா, மோமோ, ஆப்பிள் பை, சூப்பில் மூன்று ரகம். கடைசி ஆளுக்கு ஒன்பது மணிக்கு வந்தது. அவர் அதற்குள் தூங்கியிருந்தார். நாங்கள் நாலு பேரும் ஒரே வார்த்தை சொன்னோம்: "தால் பாத்." முதலில் வந்தது எங்களுக்கு.

தால் பாத் என்றால் சோறு, பருப்பு, ஒரு காய் (உருளைக்கிழங்கு, கூட ஏதாவது), கீரை, அப்பளம், ஊறுகாய். கேட்டால் சோறும் பருப்பும் காயும் மறுபடி வரும், காசு கிடையாது. அதாவது அன்லிமிடெட் மீல்ஸ்! மெனு கார்டில் எட்டுப் பக்கத்துக்கு உலக நாட்டு உணவெல்லாம் இருந்தாலும், இரண்டாவது தடவை போடுகிற ஒரே பதார்த்தம் இதுதான். அங்கே சுமைதூக்கி, வழிகாட்டி எல்லோருக்கும் இதுதான் பெட்ரோல். 'தால் பாத் பவர் 24 ஹவர்' என்று பனியனில் அச்சடித்தே விற்கிறார்கள். லுக்லாவில் ஏறக்குறைய 700 ரூபாய்க்குச் சாப்பிட்டது கோரக் ஷெப்பில் 1,150. சேல்ஸ் மூன்று தடவை வாங்கினான். நாலாவது தடவைக்கு தீதியே கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

அசைவப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பள்ளத்தாக்கு ஷெர்பாக்களுக்குப் புனித பூமி; அங்கே ஆடு மாடு அறுப்பதில்லை. மெனுவில் இருக்கிற சிக்கனும் யாக் ஸ்டேக்கும் கீழேயிருந்து யாரோ முதுகில் நாள்கணக்காக வெயிலும் தூசியும் பட்டு ஏறி வந்தவை. எங்கள் வழிகாட்டி முதல் நாளே, "மேலே போனதும் எல்லாரும் சைவம்" என்று சொல்லிவிட்டார். மைலாப்பூர்க்காரனான பேங்க் அன்றைக்கு முழுக்க ஏதோ தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நடந்தான்.

மார்ஸ் ரோல் என்று ஒன்று உண்டு. மார்ஸ் சாக்லேட்டை முழுசாக மாவில் சுருட்டி எண்ணெயில் பொரித்தது. நம் சோமாசிக்குத் தூரத்து வெளிநாட்டுச் சம்பந்தி. ஒன்று தின்றால் ஒரு மலை ஏறலாம். இரண்டு தின்றால் ஆஸ்பத்திரிப் படி ஏறலாம்.

கோரக் ஷெப்பில் சமையலறைப் பக்கமிருந்து திடீரென்று ஒரு சத்தம். உஸ்ஸ்ஸ்! நாலு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். குக்கர் விசில்! அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கும், ஆனால் வேக வைக்காது. குக்கர் இல்லாமல் பருப்பு வைத்தால் மறுநாளும் பருப்பு பருப்பாகவே இருக்கும். எவரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விசில் எண்ணியது நாங்களாகத்தான் இருக்கும்.

சரி, வெந்நீர்.

ஆடிட்டர் மூச்சு திரும்பியதும் தீதியிடம் நியாயம் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன், என்னுடைய ராஷ்ட்ரபாஷாவில். அவர் பதில் சொல்லவில்லை. "வாங்க பய்யா" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரம் காஸ் சிலிண்டர்கள். நம் வீட்டுச் சமையல் சிலிண்டர் மாதிரியேதான். உள்ளே காஸ் பதினாலு கிலோ சொச்சம். இரும்பு அதற்கும் கொஞ்சம் மேல். "தூக்கிப் பாருங்க" என்றார். ஆடிட்டர் தூக்கினார். முழங்கால் வரை வந்தது, ஆடிட்டர் கீழே போனார்.

விஷயம் இதுதான். காஸ் பதினாலு கிலோ வேண்டுமானால் முப்பது கிலோ சுமக்க வேண்டும். தீர்ந்த பிறகு இரும்பைத் தூக்கி எறிய முடியாது. அதையும் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். அதற்கும் கூலி. கிலோ கணக்கில் கூலி! விறகு எரிக்கலாமே என்றால், அது 1976-லிருந்து தேசியப் பூங்கா, மரம் வெட்டக் கூடாது. தவிர, கோரக் ஷெப்பில் வெட்ட மரமே இல்லை. தண்ணீர்க் குழாய் குளிரில் உறைந்துவிட்டால் தண்ணீரையும் கேனில் சுமந்து வர வேண்டும். அப்படி வந்த, ஐஸாகப் போவதற்கு ஒரு டிகிரி பாக்கி வைத்திருக்கிற தண்ணீரை, அப்படி வந்த காஸில் கொதிக்க வைத்து, இரண்டு லிட்டர் ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் அது 1,200 ரூபாய்.

ஆடிட்டர் டைனிங் ஹாலுக்குத் திரும்பி செல்போனில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அரை மணி கழித்து, "ரூம்ல அந்தம்மாவுக்கு நஷ்டம்தான்யா" என்றார், ஏதோ தன் சொந்தக் கம்பெனி நஷ்டம் மாதிரி.

இந்தச் சுமையைப் பற்றி ஒரு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. பெல்ஜியம் லூவேன் பல்கலைக்கழகத்துக்காரர்கள், காட்மாண்டுப் பக்கமிருந்து நாம்சே பஜார் சந்தைக்கு நடந்து வருகிற சுமைதூக்கிகளை நிறுத்தி எடை போட்டார்கள். 2005-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவிகிதம் சுமக்கிறார்கள். பெண்கள் 66 சதவிகிதம். ஆண்களில் ஐந்தில் ஒருவர் தன் எடையை விட 25 சதவிகிதத்துக்கு மேலேயே அதிகம்! ஏழு முதல் ஒன்பது நாள் நடை. தோள்பை கிடையாது, முதுகில் 'டோக்கோ' என்கிற மூங்கில் கூடை, அதைத் தாங்க நெற்றியில் ஒரு பட்டை, கையில் டி வடிவத்தில் ஒரு கட்டை. களைத்தால் அந்தக் கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நின்றபடியே இளைப்பாறுவார்கள். சுமையை இறக்கினால் மறுபடி ஏற்ற ஆள் வேண்டுமே! பாதையில் அப்படி நிற்கிற ஒருவரைத் தாண்டிப் போகும்போது அவர் கூடையைப் பார்த்தேன். பீர் டின், நூடுல்ஸ் பெட்டி, டாய்லெட் பேப்பர் பண்டல். நாங்கள் மேலே போய்க் கேட்கப் போகிற ஐட்டங்கள் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தன.

அதற்காக எல்லா விலையையும் கும்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். செல்போன் சார்ஜ் பண்ண 300, 500 என்று வாங்குகிறார்கள். மேலே சோலார் பேனல்தான், சரி. கீழே நீர்மின்சாரம் வருகிற ஊரிலும் வாங்கினால்? கரண்ட்டை யாரும் கூடையில் தூக்கிக்கொண்டு வரவில்லையே! வெந்நீர்க் குளியல் 700 ரூபாய். பேங்க் ஒரு தடவை குளித்தான். பாதி சோப்பில் வெந்நீர் நின்றுவிட்டது. அப்புறம், கும்பலைக் கூட்டி வருகிற வழிகாட்டிக்கு லாட்ஜில் படுக்கை இலவசம், சாப்பாட்டிலும் சலுகை. அதனால் 'இந்த லாட்ஜ்தான் பெஸ்ட்' என்று அவர் சொன்னால் யாருக்கு பெஸ்ட் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. லாட்ஜ் சொந்தக்காரர்கள் பலர் குத்தகைக்கு விட்டுவிட்டுக் காட்மாண்டுவில் இருக்கிறார்கள். ஐஸை உடைத்துப் பாத்திரம் தேய்க்கிற பெண் எல்லா இடத்திலும் முதலாளியம்மா இல்லை. வருஷத்தில் வசந்தத்தில் இரண்டு மூன்று மாசம், மழை முடிந்து இரண்டு மூன்று மாசம், அவ்வளவுதான் வியாபாரம். 2020-ல் கொரோனாவில் அதுவும் போயிற்று.

இன்னும் ஒரு ஜாதி இருக்கிறது, மெனு கார்டு கைக்கே வராத ஜாதி. எங்கள் தாய்.

டூரிஸ்ட்டுகளின் மூட்டையைத் தூக்குகிறவர்களுக்கு 30 கிலோ வரை என்று ஒரு வரம்பு பேச்சில் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு சுமைதூக்கி. தினக்கூலி உண்டு, பெரும்பாலும் சாப்பாடும் படுக்கையும் அந்தக் கூலிக்குள்ளேயே அவர் பாடு. லாட்ஜில் அவர்களுக்குத் தனி, குறைந்த விலை. ஆனால் டூரிஸ்ட்டுகள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தட்டு வரும். படுக்கை, அதே டைனிங் ஹால் பெஞ்சு. நாங்கள் எழுந்து போனால்தான் அவருக்குப் படுக்கை காலி. இது தெரிந்த பிறகு எட்டரைக்கு மேல் சீட்டு ஆடுவதை நிறுத்திவிட்டோம்.

அவர் ஷெர்பாவும் இல்லை, கீழே உள்ள மலைக்கிராமத்து விவசாயி. நம்மை மாதிரியே அவருக்கும் உயரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 'அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார்' என்று நினைத்து நினைத்தே பல சுமைதூக்கிகளைச் சாக விட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சாவுக்குப் பிறகு, 1997-ல், அவர்களைப் பாதுகாக்கவென்றே ஒரு சர்வதேச அமைப்பு தொடங்கினார்கள்.

கோரக் ஷெப்புக்கு முந்தின ராத்திரி, 4,900 மீட்டருக்கு மேலே, லொபுச்சே. தாய் இருமிக்கொண்டே இருந்தார். காலையில் தலைவலி, சாப்பாடு வேண்டாம் என்கிறார், எழுந்து நடந்தால் கால் தள்ளாடுகிறது. தால் பாத்தை வேண்டாம் என்று ஒரு நேபாளி சொன்னால் அது சாதாரண விஷயம் இல்லை. வழிகாட்டி, "மெதுவா வந்துடுவார்" என்றார். வந்துவிடுவார்தான், அவருக்கு வேறு வழி? சுமக்காத நாளுக்குக் கூலி கிடையாது என்று எங்களை அனுப்பிய ஏஜென்ஸியின் கணக்கு. தாய்க்கு அது தெரியும். அதனால்தான் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

இந்த இடத்தில் ஆடிட்டர் ஒரு காரியம் செய்தார். மலைக்கு மேலே வைஃபை வேண்டுமானால் கார்டு வாங்க வேண்டும். எங்கள் பயணம் முழுக்க, "ஆயிரம் ரூபாயா? குட்மார்னிங் மெசேஜ் பார்க்கவா?" என்று வாங்க மறுத்த மனுஷன், விலைகூடக் கேட்காமல் ஒரு கார்டு வாங்கினார். ஏஜென்ஸிக்குப் போன் போட்டார். இங்கிலீஷில், அமைதியாக, கம்பெனி போர்டு மீட்டிங்கில் பேசுகிற குரலில் பேசினார். அவருக்கு முழுக் கூலி, கூடப் போகிற பையனுக்கும் முழுக் கூலி, எழுத்தில் அனுப்புங்கள், நான் லைனில் இருக்கிறேன். இருபது நிமிஷத்தில் வந்தது. உயர நோயில் ஒருத்தரைத் தனியாக இறக்கக் கூடாது. அதனால் இன்னொரு சுமைதூக்கிப் பையனும் கூட இறங்கினான். கீழே பெரிச்சேயில், 1973-ல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ உதவி மையம் இருக்கிறது. சீசனில் டாக்டர்கள் இருப்பார்கள். மூன்று மணி நேர நடை.

சுமக்க ஆள் இல்லை. ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் நாங்களே முதுகில் ஏற்றிக்கொண்டு, மீதியை லொபுச்சே லாட்ஜ் தீதியிடம் விட்டோம். வைத்திருக்க எவ்வளவு என்று கேட்டேன். அவர் புரியாத மாதிரி பார்த்தார். மெனுவில் அந்த ஐட்டம் இல்லையாம். எட்டு கிலோ பையோடு கோரக் ஷெப்புக்கு ஏறின அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குக் கிலோ என்பது வேறு அளவாகிவிட்டது. சேல்ஸ் வழியில் தன் ஷாம்பு பாட்டிலை ஒரு ஃபிரெஞ்சுப் பெண்ணுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தான். காதல் இல்லை, இருநூறு கிராம்.

எவரெஸ்ட்டைப் பார்த்தோமா? பார்த்தோம். பெரிசாக இருக்கிறது.

திரும்பும்போது பெரிச்சேயில் தாய் வெயிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இறங்கின அன்று சாயங்காலமே தலைவலி விட்டதாம். எங்களைப் பார்த்ததும் எழுந்து கூடையைத்தான் முதலில் தேடினார்.

போக நினைக்கிறவர்களுக்கு: விமானத்தில் நேபாளம் போக நமக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும், விசா வேண்டாம். ஆதார் அட்டையை நீட்டினால் ஏர்போர்ட்டோடு திரும்ப வேண்டியதுதான். தேசியப் பூங்காக் கட்டணம் சார்க் நாட்டுக்காரர்களுக்கு மற்ற வெளிநாட்டவருக்குப் பாதி. சாப்பாடு, ரூம், வெந்நீர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்கு, ஆளுக்கு, நம் பணத்தில் 2,200-லிருந்து 2,800 வரை ஆயிற்று. நேபாள ரூபாயாகக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நாம்சேக்கு மேல் ஏ.டி.எம்.மை நம்பாதீர்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை கொண்டுபோனால் பாட்டில் தண்ணீர்ச் செலவு இல்லை, குப்பையும் இல்லை. பருப்புப் பொடி வேண்டாம், அங்கே பருப்பே வருகிறது. ஊறுகாய் அவசியம் எடுத்துப் போங்கள். தீதிக்கும் கொஞ்சம் கொடுங்கள். எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு பதிலாக எங்களுக்கு அடுப்பில் இரண்டு வரட்டி கூட விழுந்தது.

மேலே சுமந்து போனதெல்லாம் குப்பையாகி மேலேயே தங்கிவிடுகிறது இல்லையா, அதற்கு நாம்சே பக்கத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். குப்பையைத் தூளாக்கி ஒரு கிலோ பைகளாகக் கட்டி வைத்திருப்பார்கள். இறங்குகிற டூரிஸ்ட்டுகள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய் லுக்லாவில் கொடுத்துவிட வேண்டும். நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஆடிட்டர் பையைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது மாதிரி ஆட்டிப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டார்:

"கிலோவுக்கு எவ்வளவு கூலி?"

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண், பக்கத்தில் நின்ற தாயைப் பார்த்தாள். தாய் மீசையைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்னய்யா சொல்றார்?" என்றார் ஆடிட்டர்.

"புது ஆளுக்கு முதல் சுமை இலவசமாம்."